வேதமணி வைத்த நான்காவது ஒட்டு

வேதமணி சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது பொய். ஒரு தடவை சிரித்தார். அன்றைக்கு மணப்பாட்டில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

மற்ற நாளெல்லாம் கோபம்தான். விடியும்போது காகத்தின் மேல் கோபம். முகம் கழுவும்போது, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று கோபம். ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில் மேலே பறந்துபோன கடற்காகம் வாயிலிருந்த மீனை நழுவவிட்டது. அந்த மீன் எதிர்வீட்டு முற்றத்தில் விழுந்து, மத்தியானம் குழம்பாகிவிட்டது. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளே ஒரு நியாயம் எப்போதும் இருக்கும். காகம் உண்மையிலேயே அவர் வெயிலில் காயவைத்திருந்த வெல்டிங் பொடியைக் கிளறியிருக்கும். தண்ணீர் உண்மையிலேயே கரிக்கும்.

பிறந்தது தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டுப் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனார். அங்கே துறைமுகப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் கேஸ் வெல்டிங். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், யுத்தத்தில், கொழும்பில் குண்டு விழுந்ததும், மனைவி கிருபாபாயையும், அவளுடைய கல்யாணச் சேலையில் சுற்றிய வெல்டிங் டார்ச்சையும் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி வந்து இறங்கினார். உப்பளத்துக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீடு. பின்முற்றத்தில் தகரக் கூரை. கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்ந்து வாயு உண்டாகும் டிரம் ஒரு பக்கம். ஆக்ஸிஜன் சிலிண்டர் இன்னொரு பக்கம், பூவரச மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியபடி. அவ்வளவுதான் பட்டறை.

சைக்கிள் சட்டம், உப்பளத்து மண்வெட்டி, கோயில் மணியின் நாக்கு என்று எது ஒடிந்தாலும் அவரிடம் வரும். அவர் வாயிலிருந்து வரும் ஒரே பெருமைப் பேச்சு இதுதான்: "ஒரு சாமான் ஒரு தடவைதான் எம் வீட்டுப் படி ஏறணும். ரெண்டாந்தடவ ஏறினா, நான் டார்ச்ச கடல்ல போட்டுட்டு நாசரேத்துக்குப் போயி பனையேறுவேன்."

நாற்பத்துநாலில் அந்தப் பம்பு வந்தது. நான்கு தடவை படி ஏறியது.

அது கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் ஒரு பாய்த்தோணியின் கைப்பம்பு. மரத்தோணியில் கசிவு ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுவதை இறைத்துக்கொண்டே போக வேண்டும். பம்பு இல்லாத தோணி, ஓட்டை விழுந்த தொட்டில் மாதிரி. வார்ப்பிரும்பில் செய்த அதன் வயிற்றில் ஒரு சாண் நீளம் விரிசல். யுத்த காலம், புதுப் பம்பு எந்த ஊரிலும் கிடையாது. தோணிக்கு முதலாளி ராஜதுரை. தோணியை ஓட்டும் தண்டல், கஸ்பார். ஏழு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் அவர்தான். காற்று திரும்புவதற்குள் தோணி கிளம்பியாக வேண்டும்.

வேதமணி முதல் தடவை செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரிசலின் இரண்டு ஓரத்தையும் அரம் போட்டு ராவிச் சரிவாக்கினார். இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. பொடி தூவி, டார்ச்சைப் பற்றவைத்து, வார்ப்பிரும்புக் கம்பியை உருக்கிச் சரிவை நிரப்பினார். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பதினைந்து இடத்தில் கசிந்தது. ஒட்டு முழுக்கக் குண்டூசி முனை அளவில் பொத்தல்கள். உருகிய இரும்பு, ஆப்பம் வேகிறபோது குமிழ்விடுவது போலக் குமிழ்விட்டு, அப்படியே உறைந்து கிடந்தது.

"கார்பைடு சரியில்ல," என்றார் வேதமணி. அன்று முழுக்கக் கார்பைடு விற்ற கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு விசாரித்தார். டிரம்மைக் கழுவிப் புதுக் கல் போட்டார். ஆனால் அதற்குள் ராஜதுரையின் வண்டி வந்து பம்பை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

இரண்டாம் தடவையும் பொத்தல். ஈரப்பொடியாக இருக்கும் என்று கிருபாபாய் அதை அடுப்பில் வறுத்துக் கொடுத்தாள். டார்ச் முனை அடைத்துப் 'பட்பட்' என்று வெடித்ததை, செம்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். தீயைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். தீயின் உள்நாக்கு கூர்மையாக, நீலமாக, ஒழுங்காகத்தான் நின்றது. கம்பியும் குற்றமில்லை, அதே கம்பியை வைத்துப் பழைய அடுப்புச் சட்டி ஒன்றை ஒட்டினார், கல் மாதிரி நின்றது. இந்தப் பம்பு மட்டும் பொத்தல்விட்டது. போதாததற்கு, வண்டிக்காரன் சூட்டோடு தூக்க முடியாதென்று அவர் திரும்பிய நேரம் பார்த்து ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினான். 'டிங்' என்று ஒரு சத்தம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

வண்டிக்காரன் அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் மாடு பின்தங்கிவிட்டது என்பார்கள். முத்தையாபுரம் வரை திரும்பிப் பார்க்கவில்லையாம்.

மூன்றாம் தடவையும் அதே கதை. இதற்குள் ராஜதுரை துறைமுக வாசல் காப்பிக் கடையில், பத்துப் பேர் நடுவில், கையை உயர்த்திச் சொல்லிவிட்டார்: "வேதமணி வைக்கது ஒட்டு இல்லவே, சல்லடை! கொழும்புல இவன் டார்ச்சப் பிடிச்சானா, இல்ல தொரைக்குக் குடை பிடிச்சானா, யாரு கண்டா?"

அந்தப் பேச்சு வீடு வந்து சேர வண்டி தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. மறுநாள், ஒட்டுவதற்குக் கொடுத்திருந்த இரண்டு சைக்கிள்களை, ஒன்றும் சொல்லாமல் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். வேதமணி அதற்குச் சத்தம் போடவில்லை. கிருபாபாய்க்கு அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போடாத வேதமணியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

நாலாம் தடவை ராஜதுரையே பம்போடு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"இதான் கடைசி. ஆக்ஸிஜன் பெர்மிட் எம் பேர்லதான் இருக்கு, தெரியும்லா? தோணி வேலைக்குன்னுதான் சர்க்கார் தாரான். இந்தத் தடவையும் ஒழுகிச்சின்னா சிலிண்டரக் கழத்தி வண்டியில ஏத்திருவேன். அப்புறம் நீரு ஊதுகுழல வச்சி ஊதும்."

"வச்சிட்டுப் போரும்," என்றார் வேதமணி. அவ்வளவுதான் சொன்னார். சிலிண்டரில் மிச்சமிருந்தது கால்வாசி. அது போனால் பட்டறை போயிற்று. பட்டறை போனால் கொழும்பும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை. காப்பிக் கடையில் சொன்ன அந்த ஒரு சொல்தான் மிச்சம் நிற்கும்.

டார்ச்சைப் பற்றவைத்து விரிசலின் ஒரு முனையில் காட்டினார். உடனே மதிலின் மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒன்று. கம்பி உருகத் தொடங்குமுன் மதிலில் இடமில்லை. பதினேழு பூனை என்று கிருபாபாய் எண்ணினாள். கண் தெரியாத ஒரு கிழட்டுப் பூனையை இன்னொரு பூனை கூட்டிக்கொண்டு வந்ததாகவும் சொல்வார்கள்.

"ஏளா, அந்தச் சனியன்கள வெரட்டு! மனுசன் இங்கன செத்துக்கிட்டிருக்கேன், வேடிக்க பாக்க வந்திருக்கு!"

கிருபாபாய் நகரவில்லை. அவளுக்கும் அன்றைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. மூன்று வாரமாகப் பொடி வறுத்து, டிரம்முக்குத் தண்ணீர் சுமந்து, ஏச்சும் கேட்டவள்.

"வெரட்டுதேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. சைக்கிள ஒட்டும்போது ஒரு பூனையும் வரல. அடுப்புச் சட்டிக்கு வரல. கோயில் மணிக்கு வரல. இந்தப் பம்ப வச்சா மட்டும் ஊர்ப் பூனையெல்லாம் ஏன் வருது? அதுகளுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையா?"

வேதமணி உடனே டார்ச்சை அணைத்தார்.

மூக்கைப் பம்பின் மேல் வைத்து மோந்தார். மீன் வாடை. மூன்று தடவையும் அடித்த வாடைதான். தூத்துக்குடியில் மீன் வாடையை யார் கவனிப்பார்கள்? கடற்கரையிலிருந்து வரும் கடிதத்தில்கூட அது இருக்கும். ஆனால் இது பச்சை வாடை அல்ல, பொரியும் வாடை.

பம்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் வைத்தார். அங்கிருந்த சோற்றுப் பானை தரைக்கு இறங்கியது. இரும்பு சூடேறச் சூடேற, அரம் போட்டுப் பளபளவென்று இருந்த அந்தச் சரிவில், வேர்வை மாதிரி மஞ்சளாகத் துளி துளியாக ஊறியது. துணியால் துடைத்தார். மறுபடியும் ஊறியது. இன்னொரு தடவை துடைத்தார். ஊறிக்கொண்டே இருந்தது.

"எண்ணெ," என்றார். "இரும்புக்குள்ள எண்ணெ."

வார்ப்பிரும்பு பார்க்கத்தான் கெட்டி. உள்ளே பஞ்சு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத வழிகள் உண்டு. எண்ணெயில் போட்டால் குடித்துக்கொள்ளும். மேலே எவ்வளவு ராவினாலும் உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும். டார்ச் பட்டதும் அது கொதித்துப் புகையாகி, உருகிய இரும்பைக் குமிழ்விட்டுக்கொண்டு வெளியே வரும். பொத்தலுக்குக் காரணம் கல்லும் இல்லை, கம்பியும் இல்லை, கையும் இல்லை.

ஆனால் கொழும்பில் பன்னிரண்டு வருஷத்தில் இது ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? அதை யோசித்தபோதுதான் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தப் பட்டறையில் உலைக்காரர்கள் நாலு பேர் தனியாக இருந்தார்கள். வார்ப்பிரும்பு எதுவாக இருந்தாலும் முதலில் அவர்கள் உலைக் குழியில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித்தான் அவர் முன்னால் வைப்பார்கள். ஒட்டி முடித்ததும் அவர்களே எடுத்துப்போய்ச் சாம்பலில் புதைப்பார்கள். எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கரி பூசிய அந்த நாலு பேரைத் தன் வேலைக்கு எடுபிடி என்று நினைத்திருந்தார். பாதி வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள். முழுப் பெயரையும் இவர் வாங்கியிருக்கிறார்.

தன் மேல் வந்த கோபத்தை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் சுமப்பான்? வேதமணி கடற்கரை வரை சுமந்தார். அங்கே தோணிக் கொட்டகையில் கஸ்பார் தண்டலைக் கண்டதும் அதை அவரிடம் இறக்கிவிட்டார்.

"ஏ தண்டல்! பம்புல என்னவே ஊத்துனீரு?"

கஸ்பார் பாய் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார். "ஊத்தல. முக்கிவச்சேன். சுறா எண்ணெயில, மூணு நாளு."

கொட்டகை மூலையில் ஒரு மரத்தொட்டி நிறைய எண்ணெய் கிடந்தது.

"மூணு நாளா? எதுக்குவே?"

"எதுக்கா? தோணியில எது ஒடிஞ்சாலும் கரைக்கு வந்ததும் எண்ணெயில போடணும். எங்க அப்பன் போட்டான், அவன் அப்பன் போட்டான். ஒடிஞ்ச கைக்கு எண்ணெ போட்டுக் கட்டுதோம்லா? கடல்ல அடிபட்டதுக்கும் அப்பிடித்தான். சும்மா வச்சா உப்புக் காத்து ஒரு ராத்திரியில தின்னுபுடும்."

"சரி, மொதத் தடவ போட்டீரு. ஒழுகுன பெறகு?"

"ஒம்ம ஒட்டு ஒழுகிட்டு வந்துச்சி. பாவம், மறுபடியும் அடிபட்டுருச்சேன்னு மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டேன். கடைசித் தடவ நாலு நாளு."

ஒவ்வொரு தடவையும்! இவர் எரிக்க எரிக்க, அவர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வேதமணி போட்ட சத்தத்தில், நங்கூரமிட்டு நின்ற கப்பலிலிருந்து படகு இறக்கி என்ன ஆபத்து என்று விசாரிக்க வந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதில் பாதியைத்தான் நம்புகிறேன். ஆனால் கஸ்பார் எழுந்து நின்று பதிலுக்குக் கத்தியதை முழுசாக நம்பலாம்.

"நாப்பது வருசமா எந் தோணி இரும்புல ஒரு துரு காட்டும் பாப்போம்! எண்ணெதான்வே காப்பாத்திச்சி! ஒமக்கு ஒட்டத் தெரியலன்னா எண்ணெயக் கொற சொல்லாதயும்! கடலுக்குப் போறது நீரா, நானா? ஒம்ம ஒட்டு நடுக்கடல்ல விட்டுச்சின்னா சாவுறது ஏழு பேரு!"

அந்த ஏழு பேர் என்ற சொல்லில் வேதமணியின் குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"அதனாலதாம்வே கத்துதேன். எண்ணெ நல்லதுதான், தோணியில இருக்க வரைக்கும். எங்கிட்ட வாரதுக்கு முன்ன ஆகாது. நாளைக்கு விடியும்போது எம் வீட்டுக்கு வாரும். நீரு குடிக்கக் குடுத்தத நீரே கக்க வையும்."

கடற்கரை ஊரில் அப்போது யுத்தகால இருட்டுச் சட்டம். பொழுது சாய்ந்தபின் வெளிச்சம் தெரியக்கூடாது. உலை மூட்டுவதென்றால் விடிந்ததும் மூட்டி, இருட்டுமுன் மூடிவிட வேண்டும். வேதமணி பின்முற்றத்தில் குழி தோண்டினார். உடைமரக் கரி மூன்று மூட்டை. கொல்லனிடம் இரவல் வாங்கிய துருத்தி. துருத்தியை மிதிக்க உட்கார்ந்தது கஸ்பார் தண்டல், ஏசிக்கொண்டே மிதித்தார்.

பம்பைக் கரிக்குள் புதைத்ததும் புகை கிளம்பியது. தெருவே கதவைச் சாத்தியது. அந்தப் புகைக்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் தெருவில் கொசு இல்லை. உப்பளத்துக்கு மேலே வட்டமிட்ட பருந்து ஒன்று மயங்கி விழுந்து, எழுந்து, விளாத்திகுளம் பக்கம் போய்விட்டது. பூனைகள் மட்டும் அசையவில்லை.

"ஒம்ம எண்ணெதான் இப்பிடி நாறுது," என்றார் வேதமணி.

"ஒம்ம வாய விடவா?" என்றார் கஸ்பார்.

"மிதியும்வே!"

புகை கறுப்பாக வந்தது, அப்புறம் சாம்பல் நிறமாக, மத்தியானத்துக்கு மேலே நின்றேவிட்டது. பம்பு மாதுளம்பூ நிறத்தில் கிடந்தது. முட்டுக்கு அடியில் போட கிருபாபாய் இரண்டு ஈரச் சாக்கை மடித்துக் கொடுக்க, குழியிலிருந்து எடுக்காமலே, சூட்டோடு சூடாக, வேதமணி டார்ச்சைக் காட்டினார். மூன்று தடவை குமிழ்விட்ட அதே இடத்தில் இரும்பு தேன் மாதிரி ஓடி, அமைதியாக நிரம்பியது. ஒரு குமிழ் இல்லை. கடைசிச் சொட்டு நிரம்பியபோது சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. இன்னொரு தடவை செய்ய இனி வழியில்லை.

சாம்பலையும் மணலையும் கொட்டிப் புதைத்தார். அதன் மேலே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ராஜதுரை வண்டியோடு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சிதா? தூக்குங்கவே. நாளைக்குக் காத்து இருக்கு, தோணியத் தள்ளணும்."

"நாளைக்குச் சாயங்காலம் வாரும்," என்றார் வேதமணி.

"என்னது? ஒட்டிட்டீருல்லா? தண்ணிய ஊத்தி எடும்!"

வேதமணி எழுந்திருக்கவில்லை, கையில் சுத்தியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தானா ஆறணும். காத்துப் பட்டா வெடிக்கும், தண்ணி பட்டா வெடிக்கும், நீரு பாத்தாக்கூட வெடிக்கும். இந்தச் சாம்பல எவனாவது தொட்டா, அவன் கைய ஒட்ட எங்கிட்ட கேஸ் இல்ல."

ராஜதுரை கஸ்பாரைப் பார்த்தார். "தண்டல், நீராவது சொல்லும்! காத்துப் போயிரும்."

கஸ்பார் காலெல்லாம் கரியாக, கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நாள் முழுக்கச் சேர்ந்த கோபத்தை இறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

"காத்து போனா இன்னொரு காத்து வரும், மொதலாளி. ஏழு பேரு போனா வருவாங்களா? நீரு கரையில காப்பி குடிச்சிட்டுக் கெடப்பீரு. எடுக்கப்படாதுன்னா எடுக்கப்படாது."

வண்டி காலியாகத் திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் சாம்பலை விலக்கிப் பம்பை எடுத்தார்கள். கை வைக்கிற சூடுதான் இருந்தது. வேதமணி ஒட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டார். உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றினார். ரேஷனில் கிருபாபாய் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த ஒரு போத்தல். தண்ணீர் போகாத இடத்திலும் மண்ணெண்ணெய் போகும். போனால் சுண்ணாம்பு கறுக்கும். ராஜதுரை, கஸ்பார், கிருபாபாய் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் கழித்தும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

"ம்," என்றார் ராஜதுரை. பம்பை ஏற்றிக்கொண்டு போனார்.

தோணி போகும்போது பாதி வழியில் கடல் கொந்தளித்து, இரண்டு நாள் கை மாற்றிக் கை மாற்றிப் பம்பை அடித்துக்கொண்டே கொழும்பு சேர்ந்தார்களாம். ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். கஸ்பார் வந்து சொல்லிவிட்டு, வாசலில் ஒரு கட்டுக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி வேதமணி எதுவும் ஏசவில்லை. அதுவே பெரிய மரியாதை.

அடுத்த வாரம் ராஜதுரையின் வண்டி மறுபடி வந்தது. ஒரு புது ஆக்ஸிஜன் சிலிண்டர், பாய் ஏற்றும் வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று, இரண்டாக உடைந்தபடி.

வேதமணி வாசலை மறித்து நின்றார். "எறக்காத. மொதலாளியக் காப்பிக் கடைக்கு வரச் சொல்லு. அன்னைக்கு எந்தப் பெஞ்சில இருந்து சொன்னாரோ, அதே பெஞ்சுக்கு."

இரண்டு நாள் ராஜதுரை வரவில்லை. சிலிண்டர் வண்டியிலேயே கிடந்தது. வீட்டில் வேறு வரும்படி இல்லாமல் கருவாட்டுக் கட்டும் தீர்ந்தது. "அந்த மனுசன் வரமாட்டாரு, நீங்கதான் பிடிவாதத்தக் கொஞ்சம் விடுங்களேன்," என்றாள் கிருபாபாய். "ஒன் சேலையிலதானளா டார்ச்சச் சுத்திக் கொண்டாந்தேன்? அந்த டார்ச்சப் பிடிக்கல, தொரைக்குக் குடை பிடிச்சேன்னு சொல்லிருக்கான்," என்றார் வேதமணி. அதற்குப் பிறகு அவளும் விடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ராஜதுரை வந்தார். அந்தச் சக்கரம் இல்லாமல் அவருடைய தோணி நகர முடியாது. காப்பிக் கடையில் அதே பத்துப் பேர், கூட இன்னும் இருபது பேர். ராஜதுரை டம்ளருக்குள் பேசுவதுபோலச் சொன்னார்: "ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சி. எண்ணெயாலதான் மொதல்ல..."

"கேக்கல," என்றார் வேதமணி.

"ஒட்டு நல்லா இருந்துச்சின்னேன்."

"சல்லடைன்னு சொல்லும்போது சத்தம் உப்பளம் வரைக்கும் வந்துச்சே! இப்ப தொண்டையில என்னவே, கருவாடா?"

ராஜதுரை எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "வேதமணி வச்ச ஒட்டு ஒழுகல! நான் சொன்னது தப்பு! போதுமாவே?"

கடையில் யாரோ சிரித்தார்கள். இனி இந்த மனிதருடைய கோபம் தணியும் என்று, தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிருபாபாய் நினைத்தாள்.

"போதாது," என்றார் வேதமணி. "சக்கரத்த எறக்கிட்டுப் போரும். நாலு நாளைக்கு எம் வீட்டுப் பக்கம் வரப்படாது. வண்டிக்காரனும் வரப்படாது. தண்ணிக் கொடத்தோட எவனும் வரப்படாது."